பத்துப் பொருத்தமும் உண்டு என்றார்

திருமணப் பேச்சு நடைபெறும் இல்லங்களில் பெண்ணின் சாதகத்தையும் பிள்ளையின் சாதகத்தையும் ஒரு பலகையில் வைத்துப் பத்துப் பொருத்தம் பார்ப்பதை நம் கல்லூரி அன்பர்கள் பலரும் கண்டிருப்பர். தினம், கணம், மகேந்திரம் என்று விரல் மடக்கி எண்ணும் சோதிடர், இரு வீட்டாரின் முகக் குறிப்பையும் பார்த்துக்கொண்டு ஒன்றிரண்டைக் கூட்டியும் குறைத்தும் சொல்வதுண்டு. யாம் இங்கு எழுதப் புகுந்தது அப்பொருத்தத்தைப் பற்றி அன்று. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாங்கிய உதிரி உறுப்புகளைப் பற்றியே எழுதுகின்றோம். ஆயினும், அவ்வுறுப்புகளை விற்றவர் சோதிடரினும் தாராள மனத்தினராய்ப் பத்துக்குப் பத்தும் உண்டென்று சொல்லிவிட்டமையால், தலைப்பை வேறாக்க மனம் வரவில்லை.

எம் தந்தையார் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பகுதியில் பல்லாண்டு ஆசிரியராய் இருந்தவர். எம் இல்லமோ மணலூர்பேட்டையில், தென்பெண்ணையாற்றங் கரையை ஒட்டிய தாழ்ந்த தெருவில் உள்ளது. திங்கட்கிழமை வைகறையில் புறப்பட்டுத் தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் ஆகிய ஊர்களைக் கடந்து மலையேறுவார்; வெள்ளிக்கிழமை மாலை இறங்கி வருவார். அவரைச் சுமந்து சென்றது 1986-இல் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்ட புல்லட் வண்டி. ஒருவர் ஓட்டிய பின்னர் 1993-இல் இரண்டாம் கையாக எம் தந்தையார் வாங்கியது அது. தியாகதுருகம் சாலையில் அதன் ஒலி கேட்டதும் எம் அன்னையார் அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றுவார். யாமும் எம் தங்கையும் தெருமுனைக்கு ஓடுவோம். ஓய்வு பெற்ற பின்பும் அவர் அவ்வண்டியை விற்கவில்லை. வாரத்துக்கு ஒரு முறை உதைத்து முடுக்கி, கால் நாழிகை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். வேறு சங்கீதத்தில் அவருக்கு அத்துணை ஈடுபாடு கண்டிலோம்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை வடமாவட்டங்களில் கொட்டியது. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி அளவுக்கு நீர் திறந்துவிடப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே கிடக்கும் பெண்ணை கரை புரண்டு எம் தெருவுக்குள் புகுந்தது. யாம் எம் பெற்றோரை மேட்டுத் தெருவிலுள்ள உறவினர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றோம். வண்டியை அழைத்துச் செல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. இரு நாட்கள் கழித்துத் திரும்பியபோது திண்ணையோரம் நின்ற அதன் பெட்ரோல் தொட்டி வரைக்கும் வண்டல் படிந்திருந்தது. வீட்டில் நெல் மூட்டைகள் நனைந்தன, புத்தகங்கள் பாழாயின. அவற்றைப் பற்றி எம் தந்தையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வண்டியின் இருக்கையை மட்டும் தம் மேல்துண்டால் துடைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்றே அதனைப் பழுது நீக்குவதென்று உறுதி கொண்டோம். எம் ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் நாற்பதாண்டுகளாகப் புல்லட்டுகளையே பிரித்து மாட்டி வருபவர். அவர் எஞ்சினைப் பிரித்து ஒவ்வோர் உறுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கின்மேல் வரிசையாகப் பரப்பினார். எவை தேறும், எவை தேறா என்று சுண்ணக்கட்டியால் குறியிட்டார். தேறாதவற்றுள் பிரேக் ஷூக்களும் இருந்தன. இரு நாள் நீரில் ஊறியதால் அவற்றின்மேல் ஒட்டியிருந்த லைனிங் பட்டை உரிந்து வந்துவிட்டது. "புதுப்பேட்டைக்குப் போய் நீங்களே கையில் எடுத்துப் பார்த்து வாங்கி வாருங்கள், தம்பி, நாலு கடை ஏறி இறங்கினால் கிடைக்கும்" என்றார் அவர். சென்னையில் புதுப்பேட்டை பழைய உறுப்புகளுக்கும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை புதிய உறுப்புகளுக்கும் பெயர் பெற்ற இடங்கள் என்பது வண்டி வைத்திருப்போர் அறிந்ததே. அவர் சொன்னவாறு யாம் செய்திருப்பின் இக்கட்டுரை எழுத நேர்ந்திராது. எமக்கு விடுமுறை இல்லை, கைப்பேசி இருந்தது. அதில் ஒரு வியாபாரியின் விளம்பரம் எம் கண்ணில் பட்டது. பெயர் வேண்டா. "1955 முதல் இன்று வரை வந்த எல்லாப் புல்லட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும்" என்பதே அவர் வாசகம்.

அவ்வாசகத்தைச் சற்று நின்று சிந்தித்திருந்தால் அதிலேயே பொய் வெளிப்பட்டிருக்கும். 1955 என்பது சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றிய ஆண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் வரையப்பட்ட வண்டியை இங்கே செய்யத் தொடங்கினர். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் உடைய அந்த இரும்பு வார்ப்பு எஞ்சின் பல பத்தாண்டுகள் பெரிதும் மாறாமல் வந்தது உண்மையே. ஆனால் 2009-க்குப் பின்னர் வந்த எஞ்சின் முற்றிலும் வேறு. பழைய வண்டிகளில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் உரியவை. பின்னர் வந்தவற்றில் கால்கள் இடம் மாறின. சக்கரத்தின் பிரேக் டிரம்மிலும் 6 அங்குலம் உண்டு, 7 அங்குலம் உண்டு. இத்தனை தலைமுறைக்கும் ஒரே உறுப்பு பொருந்தும் என்பது, பாட்டனார் செருப்பு பேரனுக்கும் பேத்திக்கும் ஒருங்கே பொருந்தும் என்பது போலாம். ஆயினும் விலை பாதி. படத்தில் உறுப்புகள் பளபளவென்று இருந்தன. வாங்கினோம்.

பெட்டி வந்தது. பட்டறை வாயிலில் பத்துப் பேர் கூடி நிற்கப் பிரித்தோம். முதலில் சைலன்சர். அதனைத் தாங்கும் தகட்டின் துளைக்கும் வண்டிச் சட்டத்தின் துளைக்கும் இடையே அரை அங்குலம் பிணக்கு. கிளட்ச் கேபிள் இரண்டு விரற்கடை குட்டை. கைப்பிடியை இடப்புறம் முழுதும் திருப்பினால் கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும். எஞ்சினின் பக்க மூடிக்கு இடும் கேஸ்கட் தாளில், எண்ணெய் ஓட வேண்டிய துளை ஒன்று வெட்டப்படவே இல்லை. பட்டறைக்காரர் அதனைப் பழைய தாளோடு ஒத்துப் பார்த்ததனால் தப்பினோம். பாராமல் மாட்டியிருந்தால் எண்ணெயின்றி எஞ்சின் கருகியிருக்கும். குறை சொல்ல இடமின்றிக் கச்சிதமாய்ப் பொருந்தியது ஒன்றே ஒன்று. 'ஒரிஜினல்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டு உடன் அனுப்பியிருந்த ஒட்டுத்தாள்தான் அது.

மரையாணிகளின் கதை இதனினும் நுட்பமானது. பழைய புல்லட்டின் பல ஆணிகள் ஆங்கில அங்குல அளவின. கால் அங்குல ஆணி என்றால் 6.35 மில்லிமீட்டர் பருமன். அவ்வகையில் ஓர் அங்குலத்துக்கு 26 மரை கொண்டவை உண்டு. விளம்பரக்காரர் அனுப்பியவையோ 6 மில்லிமீட்டர் மெட்ரிக் ஆணிகள். அவற்றில் மில்லிமீட்டருக்கு ஒரு மரை, அஃதாவது அங்குலத்துக்கு 25.4. எண்கள் எத்துணை அணுக்கமாக உள்ளன பாருங்கள்! ஆதலின், மெட்ரிக் ஆணி அங்குலத் துளைக்குள் இனிதே நுழைகின்றது, சுற்றுகின்றது, ஓரளவு இறுகுவது போலவும் காட்டுகின்றது. ஆயினும் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். 1841-இல் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. சாலைக் குலுக்கலில் சில நாளில் மரை கழன்றுவிடும். முற்றிலும் பொருந்தாத ஆணியால் கேடில்லை. அது உள்ளேயே போகாது. ஏறக்குறையப் பொருந்துவதே பெருங்கேடு.

ஓர் ஆலையில் செய்த உறுப்பு வேறோர் ஆலையில் செய்த வண்டிக்குப் பொருந்தவே மாட்டாதா என்று கேட்பீராயின், நன்றாகப் பொருந்தும். பேரிங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6204 என்று எண் பொறித்திருந்தால், அது சுவீடனில் செய்யப்பட்டதாயினும் ஜப்பானில் செய்யப்பட்டதாயினும் புனேயில் செய்யப்பட்டதாயினும், உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். எங்கள் வண்டிக்கு வேறொரு நாட்டார் செய்த பேரிங்கு மறுப்பின்றி அமர்ந்தது. 1908-இல் இங்கிலாந்தில் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பார் ஒரு சோதனை நடத்தினர். அமெரிக்காவில் செய்த மூன்று காடிலாக் கார்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, உறுப்புகளை ஒன்றாகக் கலந்தனர். அவற்றுள் 89 உறுப்புகளை நீக்கிவிட்டுக் கிடங்கிலிருந்து புதியன வைத்தனர். எந்திரக்காரர்கள் குவியலிலிருந்து மூன்று கார்களை மீண்டும் பூட்டினர்; மூன்றும் புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் 500 மைல் ஓடின. அரம் எடுத்து ஓர் உறுப்பையும் தேய்க்கவில்லை என்பதே அச்சோதனையின் பெருமை. அளவு இன்னது, தவறு இத்துணைக்குமேல் ஆகாது என்று எழுதி வைத்து, அவ்வெழுத்துக்கு அனைவரும் கட்டுப்பட்டமையால் இது கைகூடிற்று.

எம் வியாபாரியின் பொருளைச் செய்தவரிடம் அத்தகைய எழுத்து இருந்திராது. பழைய உறுப்பு ஒன்றைக் கையில் எடுத்து, அதனைப் போலவே மற்றொன்று வார்த்திருப்பார். இதில் இரு பிழைகள் ஒளிந்துள்ளன. முதலாவது, அம்மாதிரி உறுப்பே தேய்ந்ததாக இருக்கலாம். தேய்மானமும் சேர்ந்து நகலாகிவிடும். இரண்டாவது, உலோகம் உருகிய நிலையிலிருந்து ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஒரு பங்கு அளவும், அலுமினியக் கலவை அதனினும் சற்று மிகுதியாகவும் சுருங்குவது இயற்கை. கோயம்புத்தூர் வார்ப்புப் பட்டறைகளில் மாதிரிக் கட்டை செதுக்குவோர் இதனை நன்கறிவர். ஆறிய பின் சரியான அளவு வரும்படி கட்டையைப் பெரிதாகவே செதுக்குவர். அதற்கென்று சற்றே நீண்ட அளவுகோலும் வைத்திருப்பர். மாதிரிக் கட்டைக்கு மாறாக முடிந்த உறுப்பையே மணலில் அழுத்தி அச்செடுத்தால், பிள்ளை தாயினும் சிறியதாகும். அப்பிள்ளையை மாதிரியாகக் கொண்டு இன்னொருவர் அச்செடுத்தால் பேரப்பிள்ளை மேலும் சிறுக்கும். பார்வைக்கு மூன்றும் ஒன்றே. 150 மில்லிமீட்டர் அகலமுள்ள பிரேக் ஷூவில் இச்சுருக்கம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

சொல்லத் தயங்கிக்கொண்டே வந்த இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம்.

புதிய ஷூக்களை டிரம்முக்குள் வைத்தபோது சக்கரம் சுழலவில்லை. வார்ப்பு சிறுத்திருந்தும், அதன்மேல் ஒட்டிய லைனிங் அளவுக்கு மிஞ்சித் தடித்திருந்தது. வளைவும் டிரம்மின் வளைவுக்கு ஒத்ததாக இல்லை. பட்டறைக்காரர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதன் வளைவே தவறு, தம்பி. ஒரு வாரம் பொறுங்கள். திருவண்ணாமலையில் லேத்துப் பட்டறைக்குக் கொடுத்துக் கடைந்து வாங்கிவிடலாம்" என்றார். எமக்கோ பொறுக்க இயலவில்லை. எம் தந்தையாரிடம் படித்த மலைவாழ் மாணவர் சிலர், இப்போது தாமே பிள்ளை குட்டிகளோடு இருப்பவர்கள், மே மாதத்தில் ஒரு ஞாயிறன்று அவரை வெள்ளிமலைக்கு அழைத்திருந்தனர். பேருந்தில் போகலாம் என்றார் அன்னையார். அதே வண்டியில் அவரை ஏற்றிச் சென்று அவர்கள் முன் இறக்க வேண்டும் என்பது எம் ஆசை. அவர் ஆசை என்று பட்டறைக்காரரிடம் சொன்னோம். அது எம் ஆசையே.

"ஏதேனும் செய்து மாட்டிக் கொடுங்கள், அண்ணா" என்று கெஞ்சினோம். அவர் பெருமூச்சு விட்டு அரத்தை எடுத்தார். சக்கரம் சுழலும் மட்டும் லைனிங்கைத் தேய்த்தார். சுழன்றது. மிதித்தால் நின்றது. "சமவெளியில் முந்நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பதப்படுத்தாமல் மலைக்குக் கொண்டு போகாதீர்கள்" என்று இருமுறை சொன்னார். யாம் ஓட்டியது நாற்பது.

மேலும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எஞ்சின் முதன்முதல் முழங்கிய அன்று மாலை, பொருள் எவ்வாறிருந்தது என்று வியாபாரி கைப்பேசியில் வினவினார். எம் தந்தையார் திண்ணையில் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த மகிழ்ச்சியில், ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு அளித்து, "பொருந்தியது, சிறிது வேலை தேவைப்பட்டது" என்று எழுதினோம். சிறிது வேலை! எட்டு நாள் பட்டறைக்காரர் சைலன்சர்த் தகட்டுக்குப் புதுத் துளையிட்டதும், கேஸ்கட்டைக் கத்தரியால் வெட்டியதும், மெட்ரிக் ஆணிகளை வீசிவிட்டுத் தம் தகர டப்பாவைக் கவிழ்த்து அங்குல ஆணிகளைத் தேடியெடுத்ததும், ஷூவைத் தேய்த்ததும் அவ்விரு சொற்களுள் அடங்கிப் போயின. அடுத்து வாங்குவோர் எம் நான்கு நட்சத்திரங்களையே காண்பர், அரத்தைக் காணார்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. வெள்ளிமலையில் பழைய மாணவர்கள் தந்தையாரைத் தோளில் தூக்காத குறை. அவர் நட்ட மரம் ஒன்றைக் காட்டினர். தினையும் சாமையும் கட்டிக் கொடுத்தனர். பிற்பகல் கச்சிராயபாளையம் நோக்கி இறங்கத் தொடங்கினோம். முதற் சில வளைவுகளில் பிரேக் பிடித்தது. பின்னர் மிதி சற்றே ஆழம் போயிற்று. அடுத்த வளைவில் இன்னும் ஆழம். தோல் தீய்ந்தாற் போன்ற ஒரு நாற்றம் எழுந்தது. முன்பிரேக்கை இறுக்கினோம், அதுவும் அதே பெட்டியிலிருந்து வந்ததே. கைப்பிடி கைக்குள் வந்து ஒட்டிக்கொண்டது, வண்டி கேட்கவில்லை. இதன் காரணம் பின்னரே விளங்கிற்று. லைனிங் முழுப்பரப்பும் டிரம்மைத் தொட வேண்டிய இடத்தில் கட்டைவிரல் அகலமே தொட்டுக்கொண்டிருந்தது. இருவரையும் வண்டியையும் தடுத்த வெப்பம் முழுவதும் அச்சிறு பரப்பில் குவிந்து, லைனிங்கின் மேல்தோல் உருகிக் கண்ணாடி போல் மழமழப்பாகிவிட்டது. அதன்பின் எவ்வளவு மிதித்தாலும் அது வழுக்குமேயன்றிப் பற்றாது.

எம் பின்னிருந்து தந்தையார், குரலைச் சற்றும் உயர்த்தாமல், "இரண்டாம் கியருக்கு வா. சாவியை அணைக்காதே. மலைப்பக்கம் ஒட்டு" என்றார். அம்மலையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மழையிலும் பனியிலும் இறங்கியவர் அவர். கியரைக் குறைத்தவுடன் பழைய எஞ்சின் உறுமி வண்டியை இழுத்துப் பிடித்தது. முழுதும் நிறுத்த அதற்கு வலு போதவில்லை. எதிரே வளைவில் பேருந்து ஒன்று ஒலியெழுப்பி ஏறிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் மலையோர வாய்க்காலில் வண்டியை விட்டோம். இருவரும் விழுந்தோம். தலைக்கவசங்கள் இருந்தமையால் தலைக்குத் தீங்கில்லை. எமக்கு முழங்காலில் சிராய்ப்பு. எழுபத்தைந்து வயதான தந்தையாரின் வல மணிக்கட்டு முறிந்தது. பேருந்தை நிறுத்தி ஓட்டுநரும் பயணிகளும் ஓடி வந்தனர். வாய்க்காலில் சிதறிக் கிடந்த தினையைக் குழந்தைகள் இருவர் பொறுக்கிக்கொண்டிருந்தது இன்னமும் எம் கண்ணில் நிற்கின்றது. கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் கட்டுப் போடும்போது, பட்டறைக்காரரைக் கடிந்துகொள்ளக் கூடாது என்பதையே தந்தையார் இருமுறை சொன்னார். எம்மைக் கடிந்துகொள்வதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாதது, சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்போம் என்னும்படி வருத்திற்று.

ஊர் திரும்பி வியாபாரிக்கு எழுதினோம். மறுமொழி பணிவாகவே வந்தது. பத்து நாட்களுக்குள் திருப்பியனுப்ப வேண்டும். அதுவும் பொருத்திப் பாராத நிலையில் அனுப்ப வேண்டும் என்றார். பொருத்திப் பாராமல் பொருந்தாமையை அறிவது எங்ஙனம் என்று மீண்டும் எழுதினோம். அதற்கு வந்த விடையே எம்மை வாயடைக்கச் செய்தது. எம் நான்கு நட்சத்திரங்களையும், எம் சொற்களையும் அவர் அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். குறையுள்ள பொருளால் உடலுக்கு நேர்ந்த தீங்குக்கு இழப்பீடும் கோரலாம். வழக்கறிஞராகிய கல்லூரித் தோழர் ஒருவரிடம் சென்றோம். அவர் ஷூக்களைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் அரம் பட்டிருக்கிறதே" என்றார். அவ்வளவே. பொருள் வந்த நிலையில் இன்னவாறு தவறாக இருந்தது என்பதைக் காட்ட வேண்டிய சான்றைப் பட்டறைக்காரரின் திறமை தேய்த்து நீக்கிவிட்டது. தேய்க்கச் சொன்னவர்களும் யாமே. நாடெங்கும் ஊருக்கு ஊர் பட்டறைகளில் நாள்தோறும் நடப்பது இதுதானே என்று அப்போது தோன்றிற்று. பொருந்தாத உறுப்பு வருகின்றது. கைத்திறன் மிக்க ஒருவர் தம் உழைப்பைச் சேர்த்து அதனைப் பொருத்திவிடுகின்றார். பொருந்தும் என்ற விளம்பரம் மெய்யாகிவிடுகின்றது. நம் நாட்டுக் கைகள் இத்துணைக் கெட்டிக்காரக் கைகளாய் இராவிடின் அவ்வியாபாரி ஒரு திங்களும் கடை நடத்தியிரார். அக்கெட்டிக்காரத்தனத்தைக் குறை கூறவும் மனம் ஒப்பவில்லை. 1986-ஆம் ஆண்டு வண்டி ஒன்று இன்றும் உயிரோடிருப்பது அதனால்தான்.

முன்பே செய்திருக்க வேண்டியதைப் பின்னர்ச் செய்தோம். புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுதும் அலைந்து, தொழிற்சாலை முத்திரை தேய்ந்தும் தேயாமலும் இருந்த இரு சோடிப் பழைய ஷூக்களை எடுத்தோம். திருவண்ணாமலை லேத்துப் பட்டறையில் முதலில் டிரம்மின் துருவைக் கடைந்து உட்புறத்தை வட்டமாக்கினர். பிறகு ஷூக்களில் புது லைனிங் ஒட்டி, அவற்றை அச்சில் பூட்டிச் சுழலவிட்டு, கடைந்த டிரம்மின் விட்டத்துக்கு ஒத்து வரும்படி சிறிது சிறிதாகக் கடைந்தனர். கடைசல்காரர் இளைஞர், ஒவ்வொரு முறையும் எந்திரத்தை நிறுத்தி வெர்னியர் வைத்துப் பார்த்தார். டிரம்மின் உட்புறம் சுண்ணக்கட்டியைத் தடவி, ஷூவை வைத்துத் திருப்பி எடுத்தபோது லைனிங்கின் முகம் ஓரத்திலிருந்து ஓரம் வரை வெள்ளையாயிருந்தது. முன்னைய ஷூவை அவ்வாறே வைத்துப் பார்க்கச் சொன்னோம். கட்டைவிரல் அளவு ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் விழுந்தது. அவர் அதை எம்மிடம் நீட்டி, "இதை வைத்தா மலை இறங்கினீர்கள், சார்?" என்றார். இரண்டு நிமிட வேலை. ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி. ஆசிரியர் வீட்டில் அதற்கா பஞ்சம்?

எம் மதிப்புரையைத் திருத்தி நட்சத்திரங்களை ஒன்றாகக் குறைத்து, நடந்ததை நடந்தவாறே எழுதினோம். அது அங்கே எத்தனை நாள் நிற்கும் என்பது வியாபாரியின் மனத்தைப் பொறுத்தது. பழுதான ஷூக்களைப் பட்டறைக்காரர் தம் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். அவசரப்படுத்தும் இளைஞர் எவரேனும் வந்தால் அதனை மெல்லச் சுட்டிக் காட்டுகின்றாராம். எம் பெயரையும் உடன் சொல்கின்றார் என்று கேள்வி.

தந்தையாரின் கட்டு அவிழ்த்தாயிற்று. வலக்கை இன்னும் முறுக்குப் பிடியைத் திருப்பும் வலு பெறவில்லை. சுண்ணக்கட்டி பிடிக்கும், கையெழுத்துச் சற்றே சாய்ந்திருக்கும். தை மாதம் 5-ஆம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் எம் ஊர்ப் பெண்ணையாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஆற்றுத் திருவிழாவுக்கு, மணல் தொடங்கும் இடம் வரை வண்டியில் ஏற்றிச் செல்லுமாறு அவரே கேட்டிருக்கின்றார். கிளட்ச் கேபிளை மட்டும் இன்னும் மாற்றவில்லை. இரண்டு விரற்கடை குட்டையானது அப்படியே இருக்கின்றது. சரியானது புதுப்பேட்டையில் கிடைக்கும் வரையில், எம் தெருமுனையில் இடப்புறம் திரும்பும்போது யாம் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்புகின்றோம்.